எட்டரை மில்லிமீற்றர்த் துளை

பத்து மில்லிமீற்றர் போல்ற்றுக்கு எட்டரை மில்லிமீற்றரில் துளை போட வேண்டும். போல்ற்றின் குறுக்களவில் இருந்து, அதன் திருகுப் புரியில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழித்தால் துளையின் அளவு வந்துவிடும். பத்தில் ஒன்றரை போனால் எட்டரை. போல்ற்றையும் நாமே செய்வதென்றால் கம்பியைச் சரியாகப் பத்தில் எடுக்கக்கூடாது. புரி வெட்டும்போது உலோகம் கொஞ்சம் பிதுங்கும். ஆகவே கம்பி ஒன்பது தசம் எட்டு ஐந்தில் இருந்தால் போதும். வவுனியாவில் தொழில்நுட்பப் பாடநெறி படித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பக்கம் இதுதான். மூன்று மில்லிமீற்றரில் தொடங்கி இருபது வரைக்கும் போகும் ஓர் அட்டவணை. இந்தப் புரிக்கு இந்தத் துளை, இந்தக் கம்பி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடம் போய் ஒழுங்காகப் படித்ததில்லை. எதைச் செய்வதென்றாலும் செய்து பார்த்து, பிழை விட்டு, திரும்பச் செய்துதான் பழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் இருந்து போனவனுக்கு, எந்தப் போல்ற்றுக்கு எந்தத் துளை என்று யாரோ முன்கூட்டியே கணக்குப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

அட்டவணையில் பிழை இல்லை. இன்றைக்கும் அது சரி. பிழை விட்டவன் நான். அந்தப் பிழைக்கு எதிரே நின்றது என் அப்பாவின் முழங்கால்.

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டை முடிந்து எங்கள் ஊரான ஜெயபுரத்துக்குத் திரும்பி வந்த புதிதில், பழைய வீட்டின் தகரம் ஏதாவது கிடக்கிறதா என்று பற்றைக்குள் தேடப் போனார். மிதிவெடி. எங்கள் பக்கத்தில் கால் போனவர்களை முழங்கால் இருக்கிற ஆள், முழங்கால் இல்லாத ஆள் என்றுதான் பிரித்துச் சொல்வார்கள். முழங்கால் இருந்தால் சைக்கிள் மிதிக்கலாம். வரம்பில் குந்தி மடையைத் திறக்கலாம். பூச்சிமருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கலாம். முழங்காலும் போய்விட்டால் முற்றத்தில் ஒரு கதிரை. அப்பா இரண்டு ஏக்கர் நெல் விதைக்கிறவர். அந்த முழங்காலை அவர் கண்ணைப்போலப் பார்த்துக்கொண்டார். சீனி வருத்தம் வந்த பிறகு இன்னும் கவனம். தினமும் மாலையில் காலைக் கழற்றி, மிஞ்சிய பகுதியைக் கழுவித் துடைத்து, சிறு கண்ணாடி ஒன்றை அடியில் பிடித்து எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

அவருடைய செயற்கைக்காலில் மூன்று பாகங்கள். மிஞ்சிய கால் உள்ளே போகும் கிண்ணம், கீழே ரப்பர் பாதம், இரண்டையும் இணைக்கும் உலோகக் கட்டை. பாதத்தின் அடியில் இருந்து ஒரேயொரு போல்ற் மேலே ஏறி அந்தக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஆளின் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் போல்ற்றுத்தான். சேறும் மணலும் போய்ப் போய்க் கட்டையின் உள்ளே இருந்த புரி முற்றாகத் தேய்ந்துவிட்டது. வவுனியாவில் கால் செய்து கொடுக்கும் நிலையத்தில் திகதி தந்திருந்தார்கள். ஆனால் விதைப்பு அதற்கு முன்பே வந்தது.

"அதான் நீ இதெல்லாம் படிச்சிருக்கியே," என்றார் அப்பா. "நீயே ஒண்ணு செஞ்சு போடு."

அப்பா பேசுவது மலைநாட்டுப் பேச்சு. தாத்தாக்கள் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் எனக்கும் அந்தப் பேச்சுத்தான். வேலைத்தலத்தில் இந்தப் பக்கத்துப் பேச்சு.

வேலைத்தலம் கிளிநொச்சியில். உழவு இயந்திரத்தின் உடைந்த பாகங்கள், நெல் சூடடிக்கும் இயந்திரத்தின் தண்டுகள், நீர்ப்பம்பிகள் எல்லாம் எங்களிடம் வரும். முதலாளி நல்ல வேலைக்காரர். ஆனால் எல்லாவற்றையும் நூல் கணக்கில்தான் பேசுவார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஒன்பது மில்லிமீற்றரில் இருந்து பத்தரை வரைக்கும் எந்தப் போல்ற்றைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவருக்கு அது மூன்று நூல்தான். புதுப் பெட்டியில் பத்து என்று அடித்திருந்தாலும் மூன்று நூல்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் திருத்திப் பார்த்தேன். பிறகு அவர் நூல் என்று சொன்னாலே காதில் போடாமல் விடப் பழகிக்கொண்டேன்.

அப்பாவின் போல்ற்றை அளவுக்கருவியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதரை. முதலாளி தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"மூண்டு நூல்," என்றார்.

"இல்லை அண்ணை. பத்து மில்லிமீற்றர். தேய்ஞ்சிருக்கு."

"பத்தெண்டால் மிச்ச அரை மில்லி எங்க?"

"கம்பி எடுக்கேக்கையே பத்தைவிடக் குறைச்சுத்தான் எடுக்கிறது அண்ணை. மற்றது இத்தனை வருசத் தேய்மானம்."

"ஓமோம். படிச்ச ஆக்கள் சொன்னால் போல்ற்றும் தலையாட்டும்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் மேசை லாச்சிக்குள் புரிமானி கிடந்தது. சீப்புப்போலப் பல் வெட்டிய மெல்லிய தகடுகளின் கட்டு அது. ஒவ்வொரு தகடாகப் போல்ற்றின் மேல் வைத்துப் பார்த்தால், எந்தத் தகட்டின் பல் பொருந்துகிறதோ அதுதான் புரி. ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை. எனக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இல்லாத அரை மில்லிமீற்றருக்குக் காரணம்கூட என்னிடம் இருந்தது, அதுவும் பாடத்தில் இருந்தே. படிக்காத ஒருவன் அந்த அரை மில்லிமீற்றரைக் கண்டு சந்தேகப்பட்டிருப்பான்.

அலுமினிய உருளை ஒன்றை எடுத்து லேத்தில் கடைந்தேன். எட்டரையில் துளை. மண்ணெண்ணெய் விட்டு, புரி வெட்டும் கருவியான ரப்பில் பத்தாம் அளவை எடுத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருகி உட்புரி வெட்டினேன். நன்றாக வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு புரியும் வெள்ளிபோல மின்னியது. போல்ற்றை மட்டும் புதிதாகச் செய்யவில்லை. அதன் தலை பாதத்தின் குழிக்குள் உட்காரும்படி விசேடமாகச் செய்த தலை. துருப்பிடிக்காத உருக்கு. அதை எறிய மனம் வரவில்லை. பழைய போல்ற்றைப் புதுத் துளைக்குள் விட்டேன். முதல் மூன்று சுற்றுத் தளர்வாகப் போனது. நாலாவதில் இறுக ஆரம்பித்தது. ஐந்தாவதற்குத் திருகுசாவி போட வேண்டியிருந்தது. புதுப் புரி அப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். நன்றாக இறுக்கினேன்.

அப்பா அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலு தரம் நடந்தார். பிறகு படலையைத் திறந்து வீதிக்குப் போய்விட்டார். வழியில் கண்டவர்களிடம் எல்லாம் காற்சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

"எங்க மவன் செஞ்சது. மெசின்ல. எழுதி வச்சு, கணக்குப் பாத்துச் செஞ்சது."

அதைக் கேட்டுத்தான் பத்து நாளில் ஓர் அக்கா வந்தா. எங்கள் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா. யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து முன்னொரு காலத்தில் குடியேறிய குடும்பம். கணவர் இல்லை. தனியாக வயல் செய்கிறா. அவாவுக்கும் ஒரு கால் முழங்காலுக்குக் கீழேதான் இல்லை. அப்பாவுக்குக் கால் கொடுத்த அதே இடத்தில், அதே வருடம் கொடுத்த கால். அதே கட்டை, அதே தேய்மானம்.

"கொப்பர் ஊரெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரியிறார். எனக்கும் ஒண்டு செய்து தாவன்ரா. நான் அப்பிடித் தூக்கிக் காட்டமாட்டன், பயப்பிடாத," என்றா.

அவாவுடைய போல்ற்றை நான் அளந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் செய்ததையே இன்னொரு தரம் செய்தேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்துச் சோறு போட்டா.

மழை தொடங்கியது. பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஒருநாள் அப்பாவின் கணுக்கால் கட்டையைச் சுற்றி சைக்கிள் ரியூப் ரப்பர் இறுக்கிக் கட்டியிருப்பதைக் கண்டேன்.

"என்னப்பா இது?"

"சேறு போவாம இருக்கத்தான்."

நியாயமாகப் பட்டது. முதல் கட்டை சேற்றினால்தானே தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் அகலமான ரப்பராகக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கொண்டுவந்தும் கொடுத்தேன்.

பிறகு இரண்டு கிழமை அவர் மாலையில் காலைக் கழற்றுவதை நான் காணவில்லை. வேலை முடிந்து பஸ் பிடித்து நான் வீட்டுக்கு வரும்போது படுத்திருப்பார். உடம்பு அலுப்பு என்பார். அம்மாதான் கண்டுபிடித்தா. பாயைச் சுருட்டும்போது மணம் வந்திருக்கிறது. போர்வையை இழுத்துப் பார்த்துவிட்டு, குசினிக்குள் நின்ற என்னைக் கூப்பிட்டா. சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை.

"இங்க வந்து பாரு தம்பி. இவரு என்னா செஞ்சு வச்சிருக்காருன்னு பாரு."

மிஞ்சிய காலின் முனை கறுத்து வீங்கியிருந்தது. ஓரத்தில் வெடித்து நீர் வடிந்தது. சிவப்பு முழங்கால் மூட்டின் கீழ் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது.

"வாய்க்கால்ல வழுக்கிடுச்சு," என்றார் அப்பா. "சின்னக் காயம். மஞ்ச வச்சேன்."

ஆஸ்பத்திரியில் வைத்தியர் எங்களை வெளியே கூட்டிப்போய்க் கதைத்தா. இளம் வயது. மெல்லப் பேசினா.

"இது கிழமைக் கணக்கான புண். சீனியும் கூடியிருக்கு. இண்டைக்குத் துப்புரவாக்கிப் போட்டு மூண்டு நாள் பாப்பம். நஞ்சு மேல ஏறாட்டி முழங்கால் தப்பும். ஏறினால் முழங்காலுக்கு மேலதான் எடுக்க வேண்டி வரும்."

"மூண்டு நாள்," என்று அம்மா திரும்பச் சொன்னா.

அப்பாவின் செயற்கைக்காலை யூரியாப் பையில் போட்டு வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். முழங்கால் தப்பினால் அவர் திரும்பப் போட வேண்டுமே என்ற எண்ணம். ரப்பரை வெட்டி எடுத்ததும் பாதம் தானாகக் கையோடு வந்துவிட்டது. போல்ற்றைத் திருகத் தேவையே இருக்கவில்லை. இழுத்தேன், வந்தது. அதன் பற்களுக்கு இடையே சாம்பல் நிறத்தில் மா மாதிரி ஏதோ அடைந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். அலுமினியம். நான் வெட்டிய புரி.

அப்போதுதான் லாச்சியைத் திறந்து புரிமானியை எடுத்தேன். ஒன்றரைத் தகட்டைப் போல்ற்றின் மேல் வைத்தேன். முதல் பல் பொருந்தியது. இரண்டாவதும் பொருந்தியது. நாலாவது கொஞ்சம் ஏறியது. ஏழாவது பல்லின் மேலேயே நின்றது. இடையால் வெளிச்சம் தெரிந்தது. அங்குலத் தகடுகளில் பதினாறாம் இலக்கத்தை, அங்குலத்துக்குப் பதினாறு பல் உள்ளதை, எடுத்து வைத்தேன். ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல் படிந்தது.

மூன்று நூல் போல்ற். எந்த நாட்டில் இருந்தோ வந்த அங்குலப் போல்ற். அதற்கு நான் மில்லிமீற்றர்த் துளை போட்டிருக்கிறேன். துளை பெரிது, போல்ற் சிறிது, பல்லுக்குப் பல் தூரமும் வேறு. நாலாவது சுற்றில் இறுகியது பிடிப்பினால் அல்ல. அளவு மாறிப்போன பற்கள் ஒன்றையொன்று நெருக்கியதால். அந்த நாலைந்து பல்லின் நுனியில்தான் அப்பா வரம்பில் நடந்திருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் உருக்கு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்திருக்கிறது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். புரிமானியைப் பார்த்தார், போல்ற்றைப் பார்த்தார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார். "நான் பூட்டுறன்."

அப்பா கண்ணை மூடியபடி கிடந்தார். துணி சுற்றிய கால் ஒரு தலையணையின் மேல் இருந்தது. போல்ற்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடத்தில் அளந்தேன், என்ன நினைத்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று. அவருக்கு விளங்குமா என்றுகூட யோசிக்கவில்லை. அழுதுகொண்டு சொன்னேன். பக்கத்துக் கட்டில் ஆள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஆடுச்சு," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "ரெண்டாவது நாளே ஆடுச்சு."

"ஏம்ப்பா சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீ கணக்குப் பாத்துச் செஞ்சது. நான் ஒழுங்கா நடக்கலையோன்னு நெனச்சேன். அப்பறம் ஊருல அத்தன பேருகிட்டயும் காட்டியாச்சு." தலையணையில் காலைச் சற்று நகர்த்தினார். "மடை கட்டுறப்ப பாதம் கழண்டு விழுந்திருச்சு. கிண்ணத்தோட விளிம்பு குத்திருச்சு. ஒங்கிட்ட காட்டினா நீ வருத்தப்படுவேன்னுதான்."

நான் சின்ன வயதில் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது அப்பா பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். நான் பிழையாக வாசித்தாலும் ஆட்டுவார். அவருக்கு அது பிழையென்று தெரிய வழியில்லை. இந்தத் தடவை தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஆட்டியிருக்கிறார்.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றார். "வாய்க்கால்ல வழுக்கிடுச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

"அந்த அக்காவுக்கும் அதேதாம்ப்பா செஞ்சு குடுத்திருக்கேன்."

அப்பா கண்ணைத் திறந்தார். இதை அவர் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"புது ஆணி போடணும்னு சொல்லி வாங்கிட்டு வந்துரு," என்றார். "வேற ஒண்ணும் சொல்லாத."

அப்படியே செய்வதாகத்தான் போனேன். அக்கா வயலுக்குள் நின்றா. பசளை எறிந்துகொண்டு, வரம்பில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சேற்றில் நின்றது நான் செய்த கால்.

"என்னடா, கொப்பருக்கு எப்பிடி?"

"பாத்துக்கொண்டிருக்கினம் அக்கா. அக்கா, அந்தக் காலை ஒருக்காக் கழட்டித் தாங்கோ."

"ஏன், திருப்பி வாங்கப் போறியோ? அப்ப நான் போட்ட கோழியையும் திருப்பித் தா."

"புதுப் போல்ற் ஒண்டு போட வேணும்."

"அரிவு வெட்டு முடியட்டும். இப்ப காலைத் தந்துபோட்டு நான் என்ன கொக்கு மாதிரி ஒத்தைக் காலில நிக்கிறதே?"

"இல்லை அக்கா. இப்ப வேணும்."

"ஏன்ரா, வெடிக்கப் போகுதே?" என்று சிரித்தா. கையில் இருந்த பசளையை எறிவதற்கு இன்னொரு அடி எடுத்து வைத்தா. பாதம் சேற்றுக்குள் சற்று உள்பக்கமாகத் திரும்பி நிற்பதை நான் கண்டேன். அவாவும் குனிந்து அதைப் பார்த்து, கையால் பிடித்து நேராக்கிவிட்டு அடுத்த அடியை வைக்கப் போனா.

"வைக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். "அப்பா வழுக்கி விழேல்லை அக்கா. நான் செய்த கட்டை பிழை. பாதம் கழண்டுதான் விழுந்தவர். உங்களுக்குச் செய்ததும் அதே பிழைதான்."

அக்கா அப்படியே நின்றா. பசளை வாளியை மெல்ல வரம்பில் வைத்தா. பிறகு வரம்பிலேயே உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு ஏற்றி, பட்டியை அவிழ்த்துக் காலைக் கழற்றினா. மிஞ்சிய காலின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவந்திருந்தது. தோல் கிழியவில்லை.

"ஒரு கிழமையா ஆடுது," என்றா. "கொப்பர் நல்லாத்தானே நடக்கிறார், எனக்குத்தான் நடக்கத் தெரியேல்லை எண்டு இருந்தன்." காலை என் பக்கம் எறிந்தா. சேறு என் சட்டையில் தெறித்தது. "அவர் விழுந்து எத்தினை நாள்?"

"ரெண்டு கிழமை இருக்கும்."

"ரெண்டு கிழமை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை அந்த மனுசன். நேற்று முந்தநாள்கூட உங்கட வீட்டுப் படலையால போனனான். அவரும் சொல்லேல்லை, நீயும் சொல்லேல்லை."

"எனக்கு இண்டைக்குத்தான் அக்கா தெரியும்."

"உனக்கு என்னதான்ரா தெரியும்?"

கட்டையைச் சரியாகச் செய்து இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். எட்டரைத் துளைக்குப் பத்து மில்லிமீற்றர் போல்ற், ஒன்பது தசம் எட்டு ஐந்தில் கம்பி எடுத்துச் செய்தால் பிசகாது என்று விளக்கப் பார்த்தேன். அவா கையைக் காட்டி நிறுத்தினா.

"காணும். நான் வவுனியாவுக்குப் போறன். அங்க பாப்பினம். நீ தொடாத."

மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து அதில் ஊன்றி, ஒற்றைக் காலில் வரம்பு வழியே போனா. நான் பின்னால் காலைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் தடுமாறினா. பிடிக்கப் போனேன். விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிவப்பு முழங்காலைத் தாண்டிவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வைத்தியர் சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்து தந்தா. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாததால் நான் வாசித்துக் காட்ட வேண்டும் என்றா. அவர் கட்டைவிரல் வைக்க வேண்டும். வாசித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள் மாலை ஊரில் இருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஊரு பூரா சொல்லிட்டியாமே," என்றார்.

"அந்த அக்காகிட்ட மட்டுந்தாம்ப்பா."

"அவகிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான்."

"சொல்லலைன்னா அவங்க கழட்டியிருக்க மாட்டாங்கப்பா. விழுந்திருப்பாங்க."

"விழுந்திருப்பா," என்று ஒத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் விழுந்தும் சொல்லலையே."

பத்திரத்தை வாசித்தேன். இடது காலை முழங்காலுக்கு மேலே அகற்றுவதற்கு என்ற வரி வந்ததும் அப்பா கையை உயர்த்தினார். திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன். முழங்காலுக்கு மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்டார். வைத்தியர் தன் கையை அவர் தொடையில் வைத்துக் காட்டினா. அப்பா அந்த இடத்தைத் தன் கையாலும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"எங்கடா வைக்கணும்?" என்று கேட்டு, மையில் தோய்த்த விரலை நீட்டினார். நான் பிடித்து வைத்தேன். அவர் கை அனலாகக் கொதித்தது. அதற்குக் கீழே, வாசித்தவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன்.

அக்காவின் முழங்கால் தப்பிவிட்டது. நிலையத்தில் சரியான கட்டையும் போல்ற்றும் போட்டுக் கொடுத்தார்கள். இந்தப் போகமும் விதைத்திருக்கிறா. என்னைக் கண்டால் ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் கதைத்துவிட்டுப் போய்விடுவா. எங்கள் இரண்டு ஏக்கரை வேறு ஒருவர் செய்கிறார். அப்பாவுக்கும் தொடையில் இருந்து போடும் கால் ஒன்று கொடுத்தார்கள். பாரம் அதிகம். இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. காலையில் அம்மாவும் நானும் அவரை இரண்டு பக்கமும் பிடித்து முற்றத்துக் கதிரையில் இருத்துகிறோம். நான் வேலைக்குப் போய் வரும் வரைக்கும் பெரும்பாலும் அங்கேதான்.

என்னோடு அவர் கோபமாக இல்லை. சாப்பிட்டியா என்று கேட்பார், பஸ் கிடைத்ததா என்று கேட்பார். ஆனால் வீதியால் போகிற யாராவது படலையில் நின்று கால் எப்படிப் போனது என்று விசாரித்தால், நான் பக்கத்தில் நின்றாலும் சரி, அதையேதான் சொல்கிறார்.

"வாய்க்கால்ல வழுக்கிடுச்சுங்க."

கேட்டவர் ஓம் என்று தலையாட்டுவார். அவருக்கு நடந்தது தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அப்பாவைத் திருத்துவதில்லை. நானும் பேசாமல் நிற்கிறேன்.